இழுப்புக்கு நிற்கிற செடி

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த வருடம் பெரியப்பாவும் பெரியம்மாவும் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே பிள்ளை, எனக்குத் தங்கச்சி முறை, கடலோடு போய்விட்டாள். அவள் பெரியம்மாவின் பிடியிலிருந்து நழுவிப்போனாள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. யுத்தம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள்தான் அம்மா சொன்னார். அவர்கள் எங்களோடு இருந்த வருடம் எனக்கு ஒன்பது வயது.

பெரியம்மா ஓரிடத்தில் இருக்கமாட்டார். முற்றத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். மீனைப் பார்த்தால் மனம் ஆறும் என்று யாரோ சொல்ல, பெரியப்பா ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கிவந்தார். அவர் சமையல்காரராக இருந்த விடுதியைக் கடல் உடைத்துப்போட்டிருந்தது. மேல்மாடியில் தப்பிய சாமான்களில் மீன்தொட்டித் தண்ணீரைச் சுற்றவிடும் ஒரு பில்டரை முதலாளி சும்மா கொடுத்திருந்தார். அது கட்டிலளவு தொட்டிக்குச் செய்தது. போட்டால் தொட்டிக்குள் ஆறு ஓடும். நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

டவுன் கடையில் வாங்கிய பஞ்சுபோன்ற செடிகள் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று சுற்றின. அதுவரை தொட்டிக்கு முன்னால் அமர்ந்திருந்த பெரியம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்ததை மாதக்கணக்கில் நாங்கள் கண்டதில்லை. பெரியப்பாவுக்கு அதன்பிறகு வேறு சிந்தனையே இல்லை. இழுப்புக்கு நிற்கிற செடி வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வாவிக்குள் இறங்கினார். வாவிக்கரையில் பிறந்தவருக்குத் தண்ணீர்ச் செடி என்றால் வாவியில் முளைப்பதுதானே. பிடுங்கி வந்து நட்டார், நன்றாகத்தான் நின்றது. மூன்றாம் நாள் கிணற்றுத் தண்ணீரில் அழுகி நாறியது. உப்புத் தண்ணீரில் வளர்ந்ததை நல்ல தண்ணீரில் வைத்த கெட்டிக்காரர் என்று ஊரே பகிடி பண்ணியது. நானும் பண்ணினேன்.

அடுத்த கிழமை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உன்னிச்சைக் குளத்துக்குப் போனார். குளத்துக் கதவுக்குக் கீழே வாய்க்கால் சீறிக்கொண்டு ஓடும். அதற்குள் நின்று ஒவ்வொரு செடியையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். இலகுவாக வந்ததை விட்டார். அகல இலையெல்லாம் வேண்டாம், தோணிப்பாய் மாதிரி இழுபடும் என்று எனக்கு விளக்கினார். நாடா போன்ற இலையும் பிடிவாதமான வேரும் உள்ளதை மண்ணோடு தோண்டி வாளியில் வைத்தார். திரும்பும் வழியில் வீதிச் சோதனைச் சென்றியில் நின்ற ஆமிக்காரன் வாளிக்குள் கைவிட்டுத் துழாவினான். செடிதான் என்று கண்டதும் எங்களை விசரர் போலப் பார்த்தான்.

வேரின்மேல் கல் அடுக்கி, பில்டரைப் போட்டோம். இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, ஆனால் ஒன்றும் கழலவில்லை. பெரியம்மா வந்து அமர்ந்தார். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒரு செடியின் அடியைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வைத்த தேத்தண்ணீர் ஆறியது. பிடித்த கையை அவர் எடுக்கவேயில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. செடி தெரிந்தெடுத்தவர்களில் நானும் ஒருத்தி அல்லவா?

“கைய எடுங்க பெரியம்மா. அது நிக்கும்.”

“விட்டாப் போயிரும் புள்ள.”

“போனாலும் தண்ணிதானே கொண்டுபோற. உங்கட பிழையா?”

அம்மா அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பெரியப்பா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செடியைப் பற்றிச் சொன்னதற்கு அடியா என்று எனக்கு ஒரே ஆத்திரம். கொல்லைக்குப் போய் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா அங்கே வந்தார். கையில் ஈரம் காயவில்லை. என் முன்னால் குந்தியிருந்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“என்ன சொன்ன நீ? இன்னொருக்காச் சொல்லு.”

கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அடி வாங்க நான் தயாரில்லை.

“நான் ஒண்டும் சொல்லல்ல பெரியம்மா,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எழுந்து, வழக்கம்போல அடுப்படிப் பக்கம் நடந்து போனார். நான் தப்பித்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.