மலை லைனில் ஏழு வாரம்

போடி டெலிபோன் ஆபீஸில் லைன்மேனாக இருந்த வீரணனுக்கு மனைவி மலைமேல். சோணையம்மாளுக்குப் பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் தரம் பிரிக்கிற நிரந்தர வேலை; இவருக்குக் கீழே நிரந்தர வேலை. இரண்டையும் விட மனமில்லாமல் ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மாதம் இரண்டு ஞாயிறு இவர் பஸ்ஸில் மலையேறுவார். எழுபத்தேழு ஆவணி மழையில் மண் சரிந்து பஸ் நின்றது. மழைக்காலத்தில் லைன்மேனுக்கு ஞாயிறும் கிடையாது. ஏழு வாரமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதே மழையில் மலை லைனும் செத்தது. வீரணன் கம்பியைப் பார்த்தபடியே நடந்தார். நாலு போஸ்ட்டுக்கு ஒருமுறை ஏறி, லைன் சோதிக்கிற கைபோனைக் கம்பியில் மாட்டிக் கேட்பார். கீழே ஆபரேட்டர் சாராள் பேசுவாள். மேலே பதிலே இருக்காது. அப்படியானால் கோளாறு இன்னும் மேலே.

ஒன்பதாவது வளைவு தாண்டி, அறுபடாத ஒரு முடிச்சில் கோளாறு இருந்தது. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பச்சையாகக் களிம்பு. வெட்டி எறிந்து புதிதாக முறுக்கினார். மலைமேல் இருந்த எக்சேஞ்சும் பேசியது.

"சாராளு, தோட்டத்து ஆபீஸ்ல சோணையம்மாளைக் கூப்பிடச் சொல்லுத்தா."

"ஏழு டிரங்க் கால் காத்திருக்குண்ணே. மூணே நிமிசம்."

போஸ்ட்டிலேயே தொங்கிக்கொண்டு காத்திருந்தார். மழை பிடித்துக்கொண்டது.

"ஹலோ? ஆரு பேசுறது?"

அவள்தான். "நாந்தேன்" என்றார். அவள் மறுபடியும் ஹலோ என்றாள். கத்தினார். போனின் வாய்ப்பக்கம் தண்ணீர் இறங்கியிருந்தது. அவர் குரல் யாருக்கும் போகவில்லை. கொக்கியைக் கம்பியில் டக் டக்கென்று தட்டினார். சாராளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அண்ணன் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்காக. நீங்க பேசுங்க."

சோணையம்மாள் பேசினாள்.

"என்னத்தப் பேச... இங்கன ஒரே மழை. நேரத்துக்குச் சாப்பிடுறீகளா? நடந்தெல்லாம் வந்துராதீக, வழி பூராம் அட்டை. சோறு வடிக்கையில உங்களுக்கும் சேத்துல்ல அரிசி போட்டுர்றேன், கையி மறந்து போயி."

மூன்று நிமிடம் முடிந்து லைன் துண்டானது.

வீரணன் இறங்கினார். ஆபீஸுக்குப் போக இரண்டு மணி நேரம், தோட்டத்துக்கு ஐந்து. அவர் மேலே நடந்தார்.

பொழுது சாயும் நேரம், காலெல்லாம் ரத்தம் வழிய அவள் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நின்றவரைப் பார்த்து அவள் உள்ளே ஓடி உப்பு எடுத்து வந்தாள்.

"வராதீகன்னு சொன்னேன்ல? காதுல விழுகலையா?"

"எனக்கு எல்லாம் விழுந்துச்சு. நான் சொன்னதுதேன் உனக்கு விழுகல."

"என்ன சொன்னீக?"

அவர் காலை நீட்டினார். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக உப்பு வைத்து எடுத்தாள்.

விடியும்போது கிளம்ப வேண்டியிருந்தது. தோட்டத்து எல்லை வரை கூடவே வந்தாள். கீழே ஆபீஸில், சொல்லாமல் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ தயாராக இருந்தது. மலைப்பக்கம் மாற்றல் கேட்டு ஒரு மனு எழுதி, மெமோவுக்கான பதிலோடு அன்றைக்கே சேர்த்துக் கொடுத்தார். மாற்றல் வர, இன்னும் இரண்டு ஆவணி ஆனது.