மாதா கெபியருகில் எடுத்த வீட்டுப் படம்

ராயம்மாளுக்கு அரசாங்க வீடு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசி முடித்தபோது, இருந்த வீடும் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. புது வீடு கட்ட இடம் காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். மண்சுவரும் நாட்டோடுமாக இருந்த பழைய வீட்டை இடித்து, தேறிய மரச்சட்டங்களை ஓரமாக அடுக்கி, பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டிக்கொண்டு அதற்குள் குடிபோனாள். ஏரியூர்ப் பக்கம் ரோட்டை விட்டு இறங்கினால், கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது அவள் இடம்.

கணவன் மரியசூசைக்குப் பெங்களூரில் கம்பி கட்டும் வேலை. அடுத்தவர்களுக்கு மாடிமேல் மாடியாக எழுப்புகிறவனுக்குத் தன் வீட்டுக்கு ஒரு கல் எடுத்து வைக்க லீவு கிடைக்கவில்லை. வீடு வந்ததும் ராயம்மாள் பேரில்தான். ஆகவே அலைச்சல் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கோயிலைப் பெருக்குவாள். பிறகு ஏரி வேலைக்குப் போவாள். யாரையும் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள். ஆபீசில் நாற்காலி காலியாகக் கிடந்தாலும் நின்றபடியேதான் பேசுவாள்.

அந்த வீட்டுத் திட்டத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். மனை காலியாக இருக்கும்போது ஓவர்சீயர் வந்து பார்ப்பார். பேஸ்மட்டம் எழும்பியதும் பார்ப்பார். கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் வந்ததும், மேல்தளம் போட்டதும் மறுபடி வருவார். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரை முன்னால் நிறுத்திச் செல்போனில் படம் பிடிப்பார். எந்த இடத்தில் பிடித்த படம் என்பதை அந்தப் போனே குறித்துக்கொள்ளும். ஒரு படி சரியென்று ஆனால்தான் அடுத்த படிக்குச் சிமெண்டும் கம்பியும் இறங்கும்.

முதல் தடவை வந்தவர் அருள்குமார் என்கிற ஓவர்சீயர். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். இடித்த மண்மேட்டின் மேல் ஏறி நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"சிக்னலே இல்லியேம்மா. சுத்திக்கிட்டே இருக்கு. எங்கதான் கெடைக்கும் உங்க ஊர்ல?"

"மேல மாதா கெபிகிட்ட நல்லா கெடைக்குங்க சார். எங்க ஆளுங்க எல்லாம் அங்க நின்னுதான் பெங்களூருக்குப் பேசுவாங்க."

இடத்தைத்தான் கண்ணால் பார்த்தாயிற்றே, படம் எங்கே பிடித்தால் என்ன என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவளே முன்னால் நடந்து அழைத்துப் போனாள். கரையேறி, ரோட்டைத் தாண்டி, தெருமுனையில் நீலச் சாயம் பூசிய சிமெண்டுக் கெபி. கண்ணாடிக்குள் மாதா. ராயம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் வீட்டுக்கு எடுக்கும் முதல் படத்தில் மாதாவும் இருக்கிறாளே என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாதாவுக்கு முதுகு காட்டி மறைத்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். கைகூப்பியும் நின்றாள். படம் ஏறிவிட்டது. "முடிஞ்சுதும்மா, கடக்கால் தோண்டுங்க" என்று வண்டியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த மாதமே அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

பேஸ்மட்டம் மளமளவென்று எழும்பியது. பச்சியப்பன் மேஸ்திரி கை வைத்தால் வேலை நிற்காது, வாயும் நிற்காது. மண் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே காங்கிரீட் பட்டை ஓட்டி, "வரச்சொல்லு தங்கச்சி உன் ஓவர்சீயர, யான ஏறுனாலும் அசையாது" என்றார்.

வந்தது சசிகலா என்கிற புது ஓவர்சீயர். டேப்பு பிடித்து நீளம் அகலம் அளந்தார். சாவியால் பூச்சைச் சுரண்டிப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். ராயம்மாளை நிறுத்திப் படம் பிடித்து, சிக்னலுக்காகக் கரைப் பக்கம் ஏறிப் பார்த்தார். போன் வாங்கவில்லை. இன்னொரு தரம் பிடித்தார். அப்போதும் வாங்கவில்லை. பிறகு பழைய படத்தைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்மா, மொத படம் வேற எடத்துல எடுத்ததா காட்டுது. காலி மனைன்னு போட்டிருக்கு, படத்துல கட்டடம் நிக்குதே. நீங்க ஓரமா கும்பிட்டுட்டு நிக்கிறீங்க."

"அது கட்டடம் இல்லீங்க மேடம். மாதா வூடு."

சசிகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராயம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"இங்க என்னால ஒண்ணும் மாத்த முடியாதும்மா. மேலாபீசுல எழுதிக் குடுத்து, அங்கிருந்து ஆபீசர் வந்து இதுதான் எடம்னு சொல்லணும். அதுவரைக்கும் மேல ஒரு கல் ஏத்தாதீங்க. செவுரு எழும்பிட்டா பேஸ்மட்டத்தப் படம் எடுக்க முடியாது."

பச்சியப்பன் மேஸ்திரி மட்டப்பலகையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்குது போ. மாதாவுக்கு வூடு சாங்ஷன் ஆயிடுச்சு, உனக்குத்தான் ஆவல."

"சிரிக்காதீங்கண்ணா."

"சிரிக்கலம்மா. பொம்மிடியில ஒரு வேல கூப்புடறாங்க. போய்ட்டு வந்துடறேன். நீ ஆபீசரக் கூட்டியா."

அதன் பிறகு ராயம்மாள் நடந்த நடை கொஞ்சமல்ல. ஒன்றிய ஆபீசுக்குப் போனால் மேலாபீசுக்குப் போ என்றார்கள். மேலாபீசில், ஒன்றியத்திலிருந்து எழுதி வரட்டும் என்றார்கள். எழுதி வந்ததும் அதைப் பார்க்கிற சார் பயிற்சிக்குப் போயிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கெபி வரும்போது சிரிப்பார்கள். முதலில் அவளும் கூடச் சிரித்தாள். போகப் போக, சிரித்து முடிக்கட்டும் என்று காத்து நிற்கப் பழகிக்கொண்டாள். ஒருநாள் சசிகலாவே போனில் கூப்பிட்டு, "அம்மா, தர்மபுரி மேலாபீசுலேருந்து ஆபீசர் வர்றப்ப நீங்க இல்லாமப் போனீங்கன்னா உங்க பேரை எடுத்துட்டு அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. எங்கியும் போயிடாதீங்க" என்றார்.

"எப்ப வருவாருங்க?"

"அது தெரியாதும்மா. வர்ற அன்னிக்கித்தான் சொல்லுவாங்க."

அந்தச் சமயம் பார்த்துத்தான் மகள் சில்வியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஆனால் தாய்க்கு வீடு இல்லையே. கம்பைநல்லூரிலிருந்து கொண்டுவந்து விட்ட சம்பந்தியம்மா, குனிந்து தார்ப்பாய்க்குள் நுழைந்து, நாலு பக்கமும் பார்த்தாள்.

"எங்க வூட்டுப் புள்ளைய இதுக்குள்ளதான் போடப் போறீங்களா சம்பந்தி? பாம்பு பல்லி வந்தா?"

"அதுக்குள்ள செவுரு எழும்பிடும்னு நெனச்சேனுங்க."

"நெனச்சா எழும்புமா?"

ராயம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மழை பிடித்துக்கொண்டது. பேஸ்மட்டத்துக்கு மேல் தண்ணீர் தேங்கி, மண் நிரப்பிய இடத்தில் பூண்டு முளைத்தது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அவள் வீட்டைக் கேட்கவில்லை. ஆபீசர் வருகிற நாளும் பிள்ளை பிறக்கிற நாளும் ஒன்றாக ஆகிவிடக் கூடாது என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றாகத்தான் ஆனது.

விடியும்போது சில்வியாவுக்கு இடுப்புவலி கண்டது. ஆம்புலன்சுக்குச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சம்பந்தியம்மாவும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். வெயில் ஏறும் நேரத்தில் போன் அடித்தது. சசிகலா.

"அம்மா, ஆபீசர் கெளம்பிட்டாரு. உங்க வூட்டுக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு. எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியிலங்க. பொண்ணுக்கு வலி எடுத்திருக்கு. வேற யாராச்சும் நின்னா ஆவாதுங்களா மேடம்?"

"உங்க பேர்லதானம்மா வூடு. நீங்கதான் நிக்கணும். நான் மத்த வூடுங்கள மொதல்ல காட்டி, முடிஞ்ச மட்டும் இழுத்துப் புடிக்கிறேன்."

போனை வைத்துவிட்டுப் பெங்களூருக்கு அடித்தாள். மரியசூசை எடுக்கவில்லை, மேலே சாரத்தில் இருந்திருப்பான். யாரைக் கேட்பது? பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை பெறுவதா? வீடு போனால் போகட்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அந்த நினைப்பே ஒரு ஓய்வு மாதிரி இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றாள்.

உள்ளே போய், சில்வியாவின் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி விஷயத்தைச் சொன்னாள். போகவில்லை என்றும் சொன்னாள்.

"நீ போம்மா" என்றாள் சில்வியா பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ இங்க நின்னாலும் நான்தான் பெக்கணும். அங்க நீதான் நிக்கணும். போய் நின்னுட்டு வா."

சம்பந்தியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொண்ணு வலியில கெடக்கும்போது செல்லு முன்னாடி போய் நிக்கணுமாக்கும்" என்றாள். பிறகு கூடையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினாள். "வெறும் வயித்தோட போகாதீங்க. நான் பாத்துக்கறேன்."

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறல். கரையிறங்கி ஓடினாள். பொம்மிடி வேலை முடிந்து திரும்பியிருந்த பச்சியப்பன் மேஸ்திரி, விஷயம் கேள்விப்பட்டு வந்து பேஸ்மட்டத்தின் மேல் முளைத்த பூண்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். "வா தங்கச்சி. உன் ஆபீசரு இன்னும் வரல. மூச்சு வாங்கிக்க."

மூச்சு வாங்கத் தாராளமாகவே நேரம் கிடைத்தது. மத்தியானம் போய்ப் பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பள்ளத்தில் சிக்னல் இல்லை. கெபிக்கு ஏறிப் போய்ப் பேசலாம். அந்த நேரம் பார்த்து ஆபீசர் வந்துவிட்டால்? அங்கேயே உட்கார்ந்தாள்.

கடைசியில் ஜீப்பு வந்தது. ஆபீசர் வயதானவர், அவரும் களைத்துத்தான் இருந்தார். செருப்பில் சேறு அப்பியிருந்தது. பழைய படத்தைப் பார்த்தார், பேஸ்மட்டத்தைப் பார்த்தார். "அந்த மாதா கெபி அம்மா நீங்கதானா?" என்றார்.

"ஆமாங்க சார்."

அவர் மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஆளுதான் கீழயே எடுத்திருக்கணும்" என்று சொல்லி, போனில் இதுதான் இடம் என்று தட்டி, சசிகலாவிடம் கொடுத்தார். "நிக்கச் சொல்லுங்க."

ராயம்மாள் பழக்கத்தில் ஒரு ஓரமாகப் போய் நின்றாள்.

"நடுவுல வாங்கம்மா" என்றார் சசிகலா. "இங்க பின்னாடி யாரும் இல்ல, தாராளமா மறைக்கலாம்."

போன் சுற்றியது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சசிகலா மெல்லக் கரைப் பக்கம் ஏறிப் போய்ப் போனை உயர்த்திப் பிடித்தார். "ஏறிடுச்சு சார்!"

"நாளைக்கே செவுரு ஆரம்பிக்கலாம்" என்றார் ஆபீசர். "லிண்டல் வந்ததும் சொல்லுங்க. மறுபடி வந்து பாப்பாங்க. அப்பவும் நீங்கதான் நிக்கணும்."

"நிக்கறேனுங்க."

மேஸ்திரி தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார். வாசல் குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். சில்வியா கண்ணை மூடிக் கிடந்தாள். சம்பந்தியம்மா மடியில் வெள்ளைத் துணிச் சுற்றலாகக் குழந்தை.

"பொண்ணு" என்றாள் சம்பந்தியம்மா. "மூணு மணிக்கே வந்துடுச்சு. நல்லா கத்துச்சு."

முதல் சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று ராயம்மாள் நினைத்துக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள்.

"செவுரு எழும்பற வரைக்கும் ரெண்டு பேரும் எங்க வூட்லயே இருக்கட்டும் சம்பந்தி. தார்ப்பாய்க்குள்ள வேணாம்."

"சரிங்க" என்றாள் ராயம்மாள். அப்புறம், "செவுருக்குச் சரின்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"அப்ப மேல தளம் போட்டதும் வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் வச்சுக்க மாட்டேன்."

கட்டிலோரத்தில் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த செபமாலையை எடுத்தாள். நன்றி சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இரண்டாவது மணியைத் தாண்டவில்லை, தலை கம்பியில் சாய்ந்துவிட்டது. ஊசி போட வந்த நர்சு எழுப்பப் போனாள். சம்பந்தியம்மா கையை அசைத்துத் தடுத்தாள்.

போன் அடித்தது. சில்வியா கை நீட்டி அம்மாவின் போனை எடுத்தாள். பெங்களூரிலிருந்து மரியசூசை. பின்னால் கலவை மிஷின் சத்தம்.

"ஆச்சுப்பா" என்றாள் அவள் தணிந்த குரலில். "ரெண்டும் ஆச்சு. அம்மா தூங்குது, அப்புறம் பேசு."