நாலாவது போட்டிக்கு நான் காட்டிய இரண்டு விரல்

டிவியில் வரும் மல்யுத்தத்துக்கு மார்க் போடும் பழக்கம் எனக்கு இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. கோடு போட்ட நோட்டு, ஒரு போட்டிக்கு ஒரு பக்கம். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. எழுத்து என்று என் கையிலிருந்து வருவது கடையில் பில், வீட்டில் இந்த விமர்சனம், இவ்வளவுதான்.

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த சண்டை, அதற்குப் போய் என்ன விமர்சனம் என்று கடையில் கேட்பார்கள். நாடகமும் பேசி வைத்ததுதான், அதில் நல்லது கெட்டது இல்லையா என்று மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்வேன். வாய் திறக்க மாட்டேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பேச்சே வராது.

என் கணக்கில் அடிக்கிறவருக்கு மார்க் குறைவு. அடி வாங்குகிறவருக்குத்தான் அதிகம். அவர் எப்படி விழுகிறார், எவ்வளவு நேரம் கிடக்கிறார், எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார் என்று பார்த்தால் போதும். வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு கத்தியவர் ஐந்து நிமிடம் கழித்து இடது காலை நொண்டினால் இரண்டு மார்க் குறைத்துவிடுவேன்.

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் என் மச்சான், மனைவியின் தம்பி. அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இரும்புலியூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பீர்க்கன்கரணையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, என்னோடு உட்கார்ந்து மல்யுத்தம் பார்ப்பான். ஒருநாள் கேட்டான்.

"மாமா, இத அப்டியே வீடியோ எடுத்துப் போட்டா இன்னா?"

"போடேன்."

"நீங்க பேசுங்க, நான் எடுக்கறேன்."

"ஐயோ, என்னால ஆகாதுப்பா. நீ பேசு. என்னப் பத்தி மட்டும் எதுவும் சொல்லாத."

அவன் பேசினான். நான் கேட்டுக்கொண்டபடியே என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாதே என்று சொன்னவன் நான். சொல்லாமலே இருந்துவிட்டானே என்று வயிறு எரிந்தவனும் நான்தான்.

அவனுக்கு நல்ல குரல். சிரித்துக்கொண்டே பேசுவான், நடுவில் நடித்தும் காட்டுவான். கொஞ்ச நாளில் அவனுடைய சேனலைப் பார்க்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். போனைப் பிடிப்பது நான். மார்க் சொல்லும் நேரம் வந்ததும் அவன் என் இடது கையைப் பார்ப்பான். நான் விரல்களைக் காட்டுவேன். ஐந்துக்குக் கீழே எத்தனையோ அத்தனை விரல்; கையை மூடிக் காட்டினால் ஐந்து, அதற்கு மேல் என்றால் மூடிக் காட்டிவிட்டு மிச்சத்துக்கு விரல். அவன் தவறாக எதையாவது சொல்லிவிட்டால் கையை ஆட்டுவேன், உடனே மாற்றிக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு என் கை தெரியாது.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே அந்த வீடியோக்களைப் பார்ப்பாள்.

"அடிக்கிறவனுக்கு இல்லியாம், வாங்குறவனுக்குத்தான் மார்க்காம். இந்த மாதிரி யாருக்காவது தோணுமா? எங்க வூட்ல அவன் ஒருத்தனுக்குத்தான் மூள."

"ம்" என்பேன். அலமாரியில் என் நோட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. பழைய பேப்பர்காரர் வரும்போதெல்லாம் அவள் அவற்றைப் பார்ப்பதும் நான் அவளைப் பார்ப்பதும் வழக்கம்.

போன வருடம் பெருங்களத்தூர் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் டிவியில் வருவது மாதிரியே மல்யுத்த நிகழ்ச்சி நடந்தது. நம் ஊர்ப் பையன்கள் ஒன்றுசேர்ந்து நடத்தியது. மச்சானைக் கூப்பிட்டு முதல் வரிசையில் இரண்டு நாற்காலி கொடுத்திருந்தார்கள். காலையில் அங்கே கல்யாணம் நடந்திருக்கிறது. வாசலில் வாழை மரம் அப்படியே நின்றது. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நடுவில் ரிங் போட்டிருந்தார்கள். வீரர்களுக்கு உடை மாற்றும் இடம் மணமகள் அறை. முறுக்கேறிய உடம்போடு ஒவ்வொருவராக அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தபோது மண்டபமே சிரித்தது.

உள்ளே நுழைந்ததும் மச்சானைச் சுற்றிக் கூட்டம்.

"அண்ணா, உங்க வீடியோ ஒண்ணு வுட மாட்டேன்ணா!"

"அண்ணா, அந்த வலது முட்டி இடது முட்டி மேட்டர் செமண்ணா!"

அது என்னுடையது. நான் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் தன் போனை என் கையில் கொடுத்தார். "சார், எங்கள ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க சார்." எடுத்துக் கொடுத்தேன். அதில் மச்சானின் தலை பாதிதான் விழுந்தது. கை ஆடிவிட்டது என்றேன். ஆடவில்லை.

முதல் போட்டி சுமார். இருவரும் அவசரப்பட்டார்கள். நாலு என்று காட்டினேன். இரண்டாவதில் குண்டான ஒருவர் விழுந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், அவருக்குப் பட்டது. அதற்கு ஏழு. மூன்றாவதை விட்டுவிடலாம்.

நாலாவதில் கெட்டவராக வந்தவர் ஹவுஸ் ஓனர் வேடம் போட்டிருந்தார். வெள்ளை வேட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. மைக்கைப் பிடித்து, "பத்து மணிக்கு மேல கேட்டு தொறக்க மாட்டேன்! ரெண்டு பக்கெட்டுக்கு மேல தண்ணி கெடையாது!" என்றார். வாடகை வீட்டில் இருக்கும் ஜனம்தானே பாதிக்கு மேல். மண்டபம் கொந்தளித்தது. "அட்வான்ஸ குடுய்யா மொதல்ல!" என்று ஒரு பெண்மணி எழுந்து நின்று கத்தினார். ஓனரை எதிர்த்து வந்தவர் பச்சை முகமூடி போட்டிருந்தார். ஒல்லியான உடம்பு.

போட்டி நன்றாகப் போனது. நடுவில் பச்சை முகமூடிக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஓனர் ஜம்பமாகச் சாவியை ஆட்டிக்கொண்டு திரும்பியதும் துள்ளி எழுந்து எட்டி உதைத்தார். பழைய தந்திரம்தான், ஆனால் செய்த விதம் சுத்தம். எட்டு போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சான் அப்போது நேரலையில் பேசிக்கொண்டிருந்தான். ரிங்குக்கு முதுகைக் காட்டி அவன் நிற்க, எதிரில் உட்கார்ந்து போனைப் பிடித்திருந்தேன். திரையில் அவன் முகமும் பின்னால் ரிங்கும் தெரிந்தன.

பச்சை முகமூடிக்காரர் மேல் கயிற்றில் ஏறிக் குதித்தார். கால் வழுக்கி, ரிங்குக்கு வெளியே தோள்பட்டையில் விழுந்தார். சத்தம் கேட்டு மச்சான் திரும்பிப் பார்த்தான். தோளைப் பிடித்துக்கொண்டு புரளும் ஆளைப் பார்த்துவிட்டு மறுபடியும் போன் பக்கம் திரும்பினான்.

"மொதல்ல முட்டி, இப்ப தோளு! இன்னா ஆக்ட்டு பாருங்க மக்களே! யப்பா, அவார்டு குடுங்கப்பா இவருக்கு!"

அவன் முதுகுக்குப் பின்னால் ரெஃப்ரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்தார். உள்ளே இருப்பவர்களுக்கு அவர் கொடுத்த சைகை அது. நடிப்பு இல்லை, உண்மையிலேயே அடி பட்டிருக்கிறது, நிறுத்துங்கள் என்று அர்த்தம். இருபது வருடங்களில் நாலைந்து முறை டிவியில் பார்த்திருக்கிறேன். மச்சானுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அவன் வழக்கம்போல என் இடது கையைப் பார்த்தான்.

கையை ஆட்டியிருக்க வேண்டும். ஒருமுறை ஆட்டினால் போதும். அந்த நேரத்தில் எனக்கு என்ன ஓடியது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். உனக்கே எல்லாம் தெரியுமே, இதையும் நீயே கண்டுபிடி என்று ஓடியது. இரண்டு விரலைக் காட்டினேன்.

"பத்துக்கு ரெண்டு! அவ்ளோதான்! எந்திரிப்பா, லாஸ்ட் பஸ்ஸு போய்டப் போவுது!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மணமகள் அறையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கையில் வாட்டர் பாட்டிலோடு அவர்களுக்குப் பின்னால் ஓடினாள். ஓடும்போது அந்த ஆளின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதைக் கேட்ட பிறகுதான் மச்சானின் சிரிப்பு நின்றது. முகமூடியைக் கழற்றினார்கள். அந்த முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. நான் போனை அணைத்தேன்.

தோளெலும்பு முறிந்துவிட்டது என்று மறுநாள் தெரிந்தது. அதற்குள் வீடியோவைப் பார்த்தவர்கள் மச்சானைக் கிழித்துவிட்டார்கள். அடிபட்டவனைப் பார்த்துச் சிரித்தவன், மனுஷனே இல்லை, மல்யுத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். கடைசியாகச் சொன்னதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்க இனிப்பாக இருந்தது. மதியம் கடையில் மூன்று பில்லைத் தவறாகப் போட்டேன்.

மச்சான் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை என்று மனைவி அழுதாள்.

"நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? உங்களுக்கும் தெரியலயா?"

"தெரியல."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவனே வந்தான். மனைவி காபி போட உள்ளே போனதும் போனை என் முன்னால் நீட்டினான்.

"பாருங்க மாமா. ரெஃப்ரி கைய தூக்கறாரு. அதுவர என் மூஞ்சிதான் நடுவுல கீது. அவரு தூக்கினதும் போனு அந்தப் பக்கம் திரும்புது. அவர கரெக்டா நடுவுல கொண்டாந்து வெச்சிருக்கீங்க."

பார்த்தேன். திரை மெதுவாக நகர்ந்து ரெஃப்ரியிடம் போய் நின்றது. அப்படிச் செய்தது எனக்கு நினைவே இல்லை. இருபது வருடப் பழக்கம், முக்கியமான இடத்துக்குக் கை தானாகப் போயிருக்கிறது.

"இது இன்னா அர்த்தம்னு இப்பதான் தேடிப் படிச்சேன். உங்களுக்கு அப்பவே தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா?"

ஒரே ஒரு வார்த்தைதான் பதில். அது வரவில்லை. சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வார்த்தை வராமலே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் உங்ககிட்ட இன்னா தப்பு பண்ணேன்? நீங்கதான சொல்லாதன்னு சொன்னீங்க."

"நானே வந்து பேசறேன். ரெண்டு போட்டது நான்னு சொல்லிடறேன்."

அந்தச் சாயங்காலமே உட்கார்ந்தோம். முதல் முறையாகப் போன் என் பக்கம் பார்த்தது. "வணக்கம்" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வாய் காய்ந்துவிட்டது. பத்துத் தடவைக்கு மேல் முயன்றோம். வேர்த்து, சட்டை நனைந்து, கடைசியில், "எழுதித் தரேன், நீயே படி" என்றேன். ஒரு பக்கம் எழுதினேன். போட்டி எப்படிப் போனது, ரெஃப்ரி என்ன செய்தார், அதன் அர்த்தம் என்ன, தெரிந்தும் இரண்டு விரல் காட்டியது யார், எல்லாம். ஓனர் வேடக்காரரைப் பற்றியும் எழுதினேன். அடிபட்ட தோள்பக்கம் யாரும் மிதித்துவிடாமல் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றவர் அவர்தான், அன்றைக்கு முழு மார்க் வாங்க வேண்டிய ஆள் அவர் என்று. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மனைவிதான் வீடியோவைக் காட்டினாள். எல்லாம் என் வரிகள். ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றியிருந்தான். "எங்க மாமா" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் "நான்" என்று படித்து, "தெரிந்தும்" என்பதை விட்டுவிட்டான். சைகை தெரியாமல் சிரித்தது நான், ரெண்டு போட்டதும் நான், மன்னிச்சிடுங்க. ஓனர் வேடக்காரரைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கீழே ஜனங்கள் உருகியிருந்தார்கள். மனசு பெரிசு அண்ணா. தப்ப ஒத்துக்க தைரியம் வேணும். உங்கள மாதிரி கவனிச்சுப் பேச ஆளே இல்ல. பச்சை முகமூடிக்காரரே கட்டுப் போட்ட தோளோடு, பரவாயில்லை அண்ணா என்று ஒரு படம் அனுப்பியிருந்தார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கப் பார்க்க நன்றி வரவில்லை. என் தப்பைக்கூட என் பெயரில் விட்டுவைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, எவ்ளோ பேரு பாராட்டறாங்க."

"அந்த ரெண்டு மார்க் நான் போட்டது" என்றேன். "எனக்கு அந்தச் சைக தெரியும். தெரிஞ்சே காட்டினேன். அவன் படிச்சதும் நான் எழுதினது."

முழுசாக, திக்காமல் சொல்லி முடித்தேன். அவள் முந்தானையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அவனுக்கு இப்பத்தான் கொஞ்சம் நல்ல பேரு வந்துது. அதுகூட உங்களுக்குப் பொறுக்கலயா?"

பொறுக்கவில்லைதான்.