ஒன்பது மணிக்கு மங்கிய நட்சத்திரம்

ஒரு மார்கழிக் காலையில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டே, வடக்கே ஒரு நட்சத்திரம் ராத்திரி மங்கிவிட்டது என்றாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அடுத்த பஸ்ஸிலேயே அக்காவைக் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அம்மா நம்பவில்லை. எங்கள் ஊர் வேலந்தாவளம் திரும்பியதும் மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, தினமும் அக்காவின் இமையை விரித்துப் பார்த்தாள்.

அக்கா விளக்கிச் சொன்னாள். அது ஒரு நட்சத்திரம் அல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. மங்கலானது வெளிச்சமானதற்குக் குறுக்கே வரும்போதெல்லாம் நமக்கு வெளிச்சம் குறைகிறது.

"உன்ற கண்ணுக்குக் குறுக்கதான் என்னமோ வருது" என்றாள் அம்மா.

அக்கா தன் நோட்டைக் கொண்டுவந்து அப்பா முன்னால் விரித்தாள். "மூணு நாளைக்கு ஒருக்கா மங்குதுங்கப்பா. ஒவ்வொரு தடவையும் மூணு மணி நேரம் முந்தி வருது. சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்குப் பாருங்க. மங்கலைன்னா இனி நான் மாடிக்கே போகலைங்க."

அப்பா தென்னந்தோப்புக்காரர்; பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டார், தள்ளவும் மாட்டார். "நீ கீழயே இரு. சின்னவ பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

சின்னவள் நான். ஒன்பது வயது. வீட்டில் ஊசிக்கு நூல் கோக்கும் பதவி எனக்குத்தான்.

சனிக்கிழமை இருட்டியதும் அம்மா கதவைத் திறந்தாள். மலைக் கணவாய் வழியே வரும் காற்று பாவாடையைப் பிய்த்துக்கொண்டு போனது. நோட்டில் அக்கா வரைந்திருந்தபடி, வடக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்களை அப்பா காட்டினார். எது மங்கும் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. கீழே அக்கா இடியாப்பம் பிழியும் சத்தம் கேட்டது.

எட்டு மணிக்கு நான் சொன்னேன்: "நடுவுலது கொஞ்சம் கம்மியா இருக்குங்கப்பா."

"மேகமா இருக்கும்" என்றாள் அம்மா.

அப்பா அண்ணாந்தபடியே நின்றார். ஒன்பது மணிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இரு பக்கமும் இரண்டு பளிச்சென்று எரிய, நடுவில் இருந்தது சோர்ந்துபோய்க் கிடந்தது.

"ஆமா, மங்கித்தான் போச்சு. எனக்கும் தெரீது" என்றார் அப்பா.

நான் கைப்பிடிச் சுவரில் எக்கி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்: "அக்கா! நீ ஜெயிச்சுட்டே!"

அக்கா மாவுக் கையோடு படியேறி ஓடிவந்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்து, "அடுத்தது எப்போ? எழுதிக் குடு" என்றார். அக்காவும் நானும் குதித்த குதியில் மாடி அதிர்ந்திருக்கும்.

அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் போய், "உடுங்கம்மா, அடுத்த தடவை நீங்க ஜெயிப்பீங்க" என்று தேற்றினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பிறவியிலேயே பார்வை இல்லாதவர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது: பதினேழு வயதில் பார்வை போகத் தொடங்கியபோது அவர் முதன்முதலாகச் சொன்னது, தெருவிளக்குகள் மங்குகின்றன என்பதுதானாம். அவருக்கும் டாக்டர் முதலில் ஒரு கோளாறும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார்.