நீல அட்டை

வேலையை விட்டு அனுப்பும்வரை பதினெட்டு வருஷம் எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவளை, ஓட்டக்கார டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவள் வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோள்கள் பாடம் என்றால் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். தண்ணீர் ஆவியாகும் பாடம் என்றால் பெஞ்சிலிருந்து குதிப்பார்கள். பக்கத்து அறையில் வாய்ப்பாடு நடத்திய எனக்குத் தலைவலி வரும்.

"இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்று சண்டைக்குப் போவேன்.

"நீயும் வந்து ஓடேன், உடம்பாவது இளைக்கும்" என்பாள். வாய் கொஞ்சநஞ்சமல்ல.

அவளுக்கு மிகவும் பிடித்தது இரத்த ஓட்ட விளையாட்டு. மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் பெரிய இதயமும் இரண்டு நுரையீரலும் வரைவாள். பிள்ளைகள்தான் இரத்தம். கையில் நீல அட்டை இருந்தால் காற்று தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூச்சு வாங்குவதுபோல் நடித்துத் தள்ளாடி வர வேண்டும். நுரையீரலுக்குள் நுழைந்ததும் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு துள்ளி ஓட வேண்டும்.

ஒருநாள் அந்த விளையாட்டில் ஒரு தையல்காரரின் மகள், எட்டு வயசு, நீல அட்டையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்கடா, இதுதான் நடிப்பு!" என்று டீச்சர் எல்லோரையும் கைதட்ட வைத்தாள். ஜன்னலிலிருந்து நானும் பார்த்துச் சிரித்தேன். சிறுமி நுரையீரல் கட்டத்துக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

"சிவப்பு வந்தாச்சுல்ல, எழுந்து ஓடுடா கண்ணு."

சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளை. எழுந்து நாலு எட்டு ஓடி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றார் டாக்டர்.

"குழந்தை தானா மயங்கி விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நடிப்பு கிடிப்புன்னு உளறி வேலையைக் கெடுத்துக்காதீங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

டீச்சரால் அப்படி மறைக்க முடியவில்லை. பத்தாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். தையல்காரர் கடைக்குப் போயிருந்தார். குழந்தையின் அம்மா மட்டும் இருந்தாள்.

"அவளுக்கு நிஜமாவே மூச்சு வாங்குச்சும்மா. நடிக்கிறான்னு நினைச்சுட்டேன். எழுந்து ஓடுன்னு நான்தான் சொன்னேன்."

டீச்சர் கன்னத்தில் அறை விழும் என்று நினைத்தேன். அந்தம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரு மாசமா, படி ஏற முடியலம்மான்னு சொல்லிட்டே இருந்தா டீச்சர். ஸ்கூலுக்கு மட்டம் போட நாடகம் ஆடுறியான்னு முதுகுல ரெண்டு வெச்சேன்." டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவ அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை வீட்டுல வெச்சிருக்க மாட்டார். இன்னும் ரெண்டு சின்னது இருக்கு எனக்கு."

அடுத்த வாரம் விசாரணை. டீச்சர் தான் செய்ததை ஒன்று விடாமல் கல்வி அதிகாரியிடம் சொன்னாள். தையல்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கல்யாணம் ஆகாதவ உனக்கு என்ன தெரியும்? பெத்தவளா இருந்தா பார்த்ததுமே கண்டுபிடிச்சிருப்பா!"

பக்கத்தில் அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்துவிட்டேன். மேஜைக்கடியில் டீச்சர் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"ஆமாங்க" என்றாள் அவரிடம். "பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் தெரியல."

அந்தம்மா அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.