வெயில் ஏறிய பிறகு தொட்ட கால்கள்

மேலப்பாளையத்தில், கால்வாய்க்கரைக் குதிரைக் கொட்டடிக்கு நஸீமாக்கா வரும்போது வெளிச்சம் வந்திருக்காது. வந்ததும் வாளித் தண்ணீரில் இடது கையை மணிக்கட்டு வரை முக்கி எடுத்து முந்தானையில் ஒற்றிக்கொள்வார். அன்றைக்கு இன்னும் அடுப்புப் பக்கம் போகாத கை அது. பிறகு குதிரையின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே நரம்பு ஓடுகிற இடத்தில் புறங்கையை வைப்பார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் அவர் குதிரையைப் பார்ப்பதில்லை. கால்வாய்க்கு அப்பால் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காலைவிட இன்னொரு கால் துளி சூடாக இருந்தாலும் அன்றைக்கு அந்தக் குதிரையை வண்டியில் பூட்ட விடமாட்டார். வெயில் கூரையில் விழுந்துவிட்டால் தொடவே மாட்டார்.

"இனிமே கை பொய் சொல்லும்" என்பார்.

அவர் கணவர் அகமது மீரான் ஒரு காலத்தில் குதிரை வண்டிப் பந்தயத்தில் பேர் போன சாரதி. சென்னை ரேஸில் ஓடிக் கழித்துவிடப்பட்ட ஒரு குதிரையைப் பூட்டி ஓடினார். தார் ரோட்டில் முழு வேகத்தில் அதன் முன்னங்கால் முறிந்து, வண்டி அவர் மேல் கவிழ்ந்தது. குதிரை அன்றே போயிற்று. மீரானின் இடது கால் வளைந்து ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவர் கையில் சாட்டைக்குப் பதிலாக மைக். பந்தய வண்டிகளுக்குப் பின்னால் ஜீப்பில் நின்றுகொண்டு, எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வருவது வேலை. காதில் விழுந்ததை வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும். வீட்டில் அக்கா "உப்பு பாத்தீங்களா?" என்று கேட்டால், "உப்பு பார்க்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது" என்பார்.

எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளுக்குப் பந்தயம் நடத்துகிற கமிட்டியின் தலைவர் சிவசைலம் அண்ணாச்சி. ரைஸ்மில் வைத்திருக்கிறார். அவர் எங்கிருந்தோ ஒரு பொலிகுதிரையைக் கொண்டுவந்து இறக்கினார். அசல் ரேஸ் வம்சம், செம்பட்டை நிறம், ஆள் உயரத்தைத் தாண்டிய முதுகு, கொக்குக் கால். பேர் புல்லட். ஊரிலிருந்த பெட்டைக் குதிரைகளெல்லாம் புல்லட்டிடம் போயின. பிறந்த குட்டிகள் ஒன்றரை வயதிலேயே பறந்தன. அவற்றில் சில இரண்டாம் வயதில் நொண்டின. பறந்ததைத்தான் எல்லோரும் செல்போனில் எடுத்து வைத்திருந்தார்கள்.

நஸீமாக்காவின் பெட்டைக் குதிரை மிஸ்ரி. அதைச் சேர்த்துவிடும் பருவம் வந்தபோது அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார்.

"ஏளா, ஊரே புல்லட்டுக்கிட்ட வரிசையில நிக்குது. நீ எங்கன போறே?" என்றார் மீரான்.

"பத்தமடைக்கு."

"பாய் நெய்யவா?"

"அங்கன ஒரு குதிரை கோரைக்கட்டு இழுக்குது. எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து இழுக்குது. ஒரு நாள் நொண்டுனதில்ல."

"கோரை இழுக்குற குதிரைக்குப் பெறக்குற குட்டி பந்தயத்துல எப்பிடிளா ஓடும்?"

"ரேஸ் குதிரை எப்பிடி ஓடுச்சுன்னு நீங்க நடக்குறதப் பாத்துத் தெனமும் தெரிஞ்சுக்கிடுதேன்."

அடுத்த வருஷம் பிறந்த குட்டி குட்டையாக, கனத்த எலும்போடு இருந்தது. "கட்டை" என்று மீரான் கேலி பண்ணினார். அக்கா அதையே பேராக வைத்துவிட்டார்.

அவர் பந்தயம் பிடிக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டையைப் பந்தயத்துக்கென்றுதான் பெற வைத்தார். அது ஓட வேண்டும், ஓடிவிட்டு நாலு காலில் வீடு வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

கட்டைக்கு இரண்டு வயதானபோது சிவசைலம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்தார். டீ குடித்து முடிக்கிற வரை மழையைப் பற்றிப் பேசினார்.

"தங்கச்சி, இந்த வைகாசிக் கொடைக்குப் பால் பல் பந்தயம்னு ஒண்ணு புதுசா வைக்கோம். பல் விழாத குட்டிகளுக்கு மட்டும். வண்டி ஒண்ணு கொறையுது. கட்டையப் பூட்டிக்கிட்டு வா."

"எலும்பு முத்தல அண்ணாச்சி. பால் பல் விழுந்து நாலு பல் போடட்டும்."

"நாலு பல் போடுறதுக்குள்ள எங்க குட்டிக ரெண்டு கொடை ஜெயிச்சிரும்."

"ஜெயிக்கட்டும். மூணாவது கொடைக்கு நிக்கக் கால் வேணும்லா? எத்தன மணிக்கு வைக்கிய?"

"மத்தியானம் மூணு மணிக்கு."

"வைகாசி வெயில்ல, உருகுன தாருலயா? விடியக்காலம் வச்சா என்ன? கையை வச்சுப் பாத்து, சூடில்லாததப் பூட்டலாம்லா?"

"விடியக்காலம் எவன் வருவான்? விருந்தாளி கறிச்சோறு சாப்பிட்டுட்டுல்லா கொடியசைக்க வருவாரு." அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "இங்க பாரு. இப்ப வரலன்னா பொறவும் வர வேண்டாம். இனி எங்க கமிட்டி நடத்துற எந்தப் பந்தயத்துலயும் கட்டைக்கு இடம் கெடையாது."

அவர் போன பிறகு மீரான் கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை ஓட்டிருவோமே. இல்லன்னா ஆயுசுக்கும் ஓட முடியாதுளா."

"ஓடும். நான் சொல்லும்போது ஓடும்."

கொடையன்று கட்டை கொட்டடியில் புல் தின்றுகொண்டிருந்தது. நஸீமாக்கா மட்டும் போனார். ரோட்டில் ஏழு வண்டிகள் வரிசையாக நின்றன. தார் செருப்பில் ஒட்டியது. ஜீப்பில் மீரான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குதிரைகளுக்கு வைத்திருந்த தண்ணீர் டிரம்மில் இடது கையை முக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் குட்டியின் முன்னங்காலருகே குனிந்தார். அது பேச்சிராஜ் ஓட்டுகிற புல்லட் குட்டி.

"யக்கா, என்ன செய்யுதிய?" என்று வண்டி மேலிருந்து கேட்டான் பேச்சிராஜ்.

அக்கா நிமிர்ந்தார். "சுடுது" என்றார் சத்தமாக.

"சுடுது!" என்றது ஒலிபெருக்கி. மீரானின் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

கூட்டம் சிரித்தது. அக்கா இரண்டாவது குட்டியிடம் போனார். "இதுவும் சுடுது."

"இரண்டாவது வண்டி... இதுவும் சுடுது!"

"எவம்லே மைக்க அவன்கிட்ட குடுத்தது?" என்று அண்ணாச்சி கத்தினார். "ஏ மீரான், ஒம்ம பொண்டாட்டிய ஓரமாக் கூட்டிட்டுப் போவும் வே!"

மீரான் மைக்கைக் கையால் பொத்தினார். அண்ணாச்சியைப் பார்த்தார். தன் வளைந்த காலைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, பந்தயம் சொல்கிற அதே குரலில், "மூன்றாவது வண்டியை நோக்கி நஸீமா சென்றுகொண்டிருக்கிறார்" என்றார். இந்த முறை அது வாய்ப்பழக்கம் இல்லை.

மூன்றாவது சுட்டது. நாலாவது சுட்டது. பேச்சிராஜ் வண்டியை விட்டு இறங்கி, தன் குட்டியின் காலைத் தானும் தொட்டுப் பார்த்தான். "ஆமாலே, கொதிக்குது" என்று சொல்லி வாரை அவிழ்த்தான். "பயந்தாங்கொள்ளி!" என்று ஒருவன் கூவினான். "ஒம்ம வீட்டுக் குட்டியா இருந்தா ஏறுவீரா வே" என்றான் பேச்சிராஜ். இன்னும் மூன்று பேர் அவிழ்த்தார்கள்.

மிச்சமிருந்த மூன்று வண்டிகளுக்குக் கொடி விழுந்தது. மூன்றும் நல்லபடியாகவே போய்த் திரும்பின. எதற்கும் கால் முறியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மறு வருஷம் பால் பல் பந்தயத்துக்கு யாரும் பேர் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி சொன்ன சொல்லில் நின்றார். அவர் கமிட்டிப் பந்தயங்களில் கட்டைக்கு இன்றுவரை இடமில்லை. நாலு பல் போட்ட பிறகு, தை மாதத்தில், தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊரில் விடிகாலைப் பந்தயத்தில் அது ஓடியது. நாலாவதாக வந்தது. "கோரை வம்சம் வருகிறது, வருகிறது, பைய வருகிறது!" என்று மீரான் தொண்டை கிழியக் கத்தினார். மறுநாள் கருக்கலில் அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தார். நாலு காலும் குளிர்ந்திருந்தன.

போன மாதம் கால்வாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், அந்த மத்தியானத்தில் எந்தக் குட்டிக்கு ரொம்பச் சூடு என்று கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி தெரியும்?" என்றார். "அந்த வெயில்ல ரோட்டுக் கல்லும்தான் சுட்டுது. கைக்கு ஒண்ணும் பிடிபடல." வாளியைத் தூக்கினார். "விடியக்காலம் வைங்கன்னு சொன்னேம்லா? வச்சிருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன்."