வாசித்துக் காட்டிய கவிதைகள்

கழுத்து வலிக்கென்று போன வாரம் ஒரு தைலம் வாங்கினேன். இரண்டு நாள் தேய்த்திருப்பேன். மகள் என் அறை வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "அப்பா, உங்க ரூம்ல தாத்தா வாசனை அடிக்குது." வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு நாற்பத்தெட்டு முடிந்திருக்கிறது. அன்றைக்கு முழுக்கக் கழுத்து வலியை மறந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தைல வாசனைதான் முதுமையின் வாசனை என்று நானே ஒரு காலத்தில் எழுதியவன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வயதில் முதுமையைப் பற்றி எழுதுவதைப் போலச் சுலபமான வேலை வேறு கிடையாது. உதிர்ந்த இலை, சாயங்கால வெயில், ஆளில்லாத சாய்வு நாற்காலி. மூன்றையும் இடம் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு கவிதை. சிறுபத்திரிகைகளில் நாலைந்து வந்தும்விட்டன. ஒரு வாசகர் எனக்கு அறுபது வயதிருக்கும் என்று நம்பி, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று கடிதம் எழுதினார். வெட்கப்பட வேண்டியவன், அதை ஆபீஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆபீஸ் என்றால் ஐதராபாத்தில். சாஃப்ட்வேர் வந்து ஊரே பரபரத்துக் கிடந்த நேரம். எனக்கு டெஸ்டிங் வேலை, அதாவது அடுத்தவன் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது. மல்காஜ்கிரியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். கீழே சந்தானம் சார், வசந்தா ஆன்ட்டி, அவர்கள் மகள் ரேகா. சார் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் பிரிவில் இருந்தார். ஆன்ட்டி பிறந்து வளர்ந்ததெல்லாம் செகந்திராபாத். அங்கேயே ஒரு ரயில்வே அலுவலகத்தில் வேலை.

நான் குடிபோன வருடமே சார் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். மறதி. முதலில் சாவி, அப்புறம் பெயர்கள். ஒரு நாள் சனத்நகரில் பஸ்ஸிலிருந்து இறங்கியவருக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் நடந்து போன தெரு அது. அறுபதுகூட ஆகவில்லை அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்ட்டி மாடிக்கு வந்தார். கையில் தடி அட்டை போட்ட ஒரு நோட்டு.

"தம்பி, உங்களுக்குத் தமிழ் நல்லாப் படிக்க வரும்தானே?"

"வரும் ஆன்ட்டி."

"எனக்கு வராது. ஸ்கூல்ல தெலுங்கு, வீட்டுல பேச மட்டும் தமிழ். அவர் எழுதுவார், அவரே படிச்சுக் காட்டுவார். நாம எதுக்குக் கத்துக்கணும்னு விட்டுட்டேன். இப்போ நோட்டைக் கையில கொடுத்தா தடவிப் பார்த்துட்டு வெச்சுடறார்."

எல்லாம் அவர் மனைவிக்காக எழுதிய கவிதைகள். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து எழுதியது, நாற்பது இருக்கும். அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளுக்கு அது என்னவென்றே தெரியாமல் போய்விட்டது. ரேகாவுக்குத் தமிழ் புரியும், எழுத்து தெரியாது. நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கீழே போய் வாசித்தேன். காபி கிடைக்கும், டிபன் கிடைக்கும், என்னைக் கவிஞன் என்று மதிக்க இரண்டு பேர் கிடைத்தார்கள். உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அந்தக் கவிதைகளை நான் பெரிதாக நினைக்கவில்லை. இலை இல்லை, வெயில் இல்லை. முப்பது வயதில் எழுதிய ஒன்று: நமக்கு வயதானபின் இரண்டு பேர் பல்செட்டும் ஒரே டம்ளரில் கிடந்து மாறிப்போகும், அன்றைக்கு முழுக்க என் வாயில் உன் பேச்சு வரும், உன் வாயில் என் பேச்சு வரும் என்று. நான் வாசித்ததும் ஆன்ட்டி, "இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வம்புக்கு இழுப்பார்" என்றார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. ஆன்ட்டி உளுந்து களைந்துகொண்டிருந்தார். நான் வாசித்தது பஸ் நிறுத்தக் கவிதை. பஸ்ஸிலிருந்து முதலில் உன் குடை இறங்கும், அப்புறம் நீ, அதற்கப்புறம்தான் எனக்கு மழை பெய்வதே தெரியும் என்று போகும். சார் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"இதை யாரு எழுதினது?"

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்றார் அவர்.

"உனக்கா எழுதினான்?"

"ஹவ், ஆமா. எனக்குத்தான்."

சாரின் முகம் சிவந்துவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாலயா?"

"முன்னாலயும் எழுதினார். பின்னாலயும் எழுதினார்."

"பின்னாலயுமா?" டம்ளரைத் தள்ளிவிட்டார். காபி தரையில் ஓடியது. நோட்டை மூடிவிடலாமா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், வேறு குரலில் கேட்டார். "ஆள் நல்லவனா?"

"ரொம்ப நல்லவர். கோபம் மட்டும் கொஞ்சம் வரும்."

சார் யோசித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று மனசில்லாமல் ஒத்துக்கொண்டார். ஆன்ட்டி சிரித்தார். ஈரக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

அன்று மத்தியானமே நான் அதைக் கவிதையாக்கிவிட்டேன். கணவன் கேட்கிறான், யார் எழுதியது என்று. மனைவி பதில் சொல்ல முடியாமல் சேலைத் தலைப்பில் முகம் புதைத்து அழுகிறாள். கடைசியில் சாயங்கால வெயிலும் வந்தது. பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள். கீழே சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நான் நினைத்ததற்கு ஒரே காரணம், ஆன்ட்டிக்குத் தமிழ் படிக்க வராது என்பதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

செகந்திராபாத்தில் தமிழ்க்காரர்கள் கூடி வருடத்துக்கொரு விழா நடத்துவார்கள். அந்த வருடம் செயலாளர் மைக்கைப் பிடித்து, நம் ஊரில் ஒரு இளம் கவிஞர் இருக்கிறார் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தக் கவிதையை உருக்கமாக வாசித்தார். மூன்றாவது வரிசையில் சார், ஆன்ட்டி, ரேகா. சபையே கைதட்டியது. சாரும் சந்தோஷமாகக் கைதட்டினார். ரேகா தலை குனிந்திருந்தாள். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபீஸ் கிளம்பும்போது மாடிப்படியில் நின்றிருந்தார்.

"நான் எப்போ தம்பி அழுதேன்?"

"கவிதைக்காக ஆன்ட்டி... கொஞ்சம் மாத்தி..."

"நான் சிரிச்சேன். எத்தனையோ நாள் கழிச்சு அன்னிக்குத்தான் அவர் என்னை ஒரு பொண்ணாப் பார்த்தார். பொறாமைப்பட்டார். உங்க எதிர்லதானே நடந்துச்சு? அதைப் போய் அழுகையாக்கிட்டீங்களே."

நான் தோளில் கிடந்த ஆபீஸ் பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"இனிமே ஞாயித்துக்கிழமை நக்கோ தம்பி, வேண்டாம். நான் பார்த்துக்கறேன்." குரலை உயர்த்தவே இல்லை.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு இரண்டு வாரத்தில் தெரிந்தது. அலுவலகத்தில் யாரிடமோ சொல்லி ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கியிருந்தார். ஐம்பத்தாறு வயதில் அ, ஆ. சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை படியிறங்கும்போது குரல் கேட்டது. ஆன்ட்டி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு ஒரு நிமிடம் ஆனது.

"அப்புறம்... தான்... மளை..."

"மளை இல்ல" என்றது சாரின் குரல். "மழை. நாக்கை நல்லா மடி."

"மழை."

"ஹாங். மேல படி."

அப்போது அவருக்குப் பெற்ற மகளின் பெயர் வருவதில்லை. நான் ஒரு வருடம் தங்கு தடையில்லாமல் வாசித்தேன், திருத்துவதற்கு அவருக்கு ஒரு இடமும் விடவில்லை. பாதிப் படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகத் துணிச்சல் இல்லை. சத்தம் காட்டாமல் இறங்கிப் போனேன்.

அடுத்த வருடம் ஆபீஸ் ஊரின் மேற்குக் கோடிக்கு மாறியது. நானும் மாறினேன். சொல்லிக்கொண்டு வரப் போனபோது ஆன்ட்டி காபி கொடுத்தார், நன்றாக இரு என்றார். மனதில் எதையும் வைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சார் இறந்த செய்தி நாலு மாதம் கழித்து, தமிழ் விழாவில் பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. பின்னால் ஆன்ட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரேகாவோடு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி. என் கவிதையைப் போட்ட பத்திரிகையும் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. நான் கவிதை எழுதுவதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. விட வேண்டும் என்று தீர்மானித்ததெல்லாம் இல்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்த வாரம் உட்கார்ந்து சாரின் கவிதைகளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். என்ன சொன்னார் என்பது வருகிறது. எப்படிச் சொன்னார் என்பது வரவில்லை. ஐம்பது ஞாயிற்றுக்கிழமைகள், நாற்பது கவிதைகள், அத்தனையும் என் வாயாலேயே வாசித்தது. ஒன்றுகூட முழுதாக இல்லை. அந்த அம்மாளை அழவைத்து நான் எழுதியது மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கிறது.